'மூலிகைத் தேநீர்' என்னும் பிழை

அங்காடி அட்டைப்பெட்டிகளிலும் உடல்நலக் கட்டுரைகளிலும் 'செம்பருத்தித் தேநீர்', 'ஆவாரம்பூத் தேநீர்' என்ற பெயர்களைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக, ஆங்கிலத்தின் 'ஹெர்பல் டீ'யைப் பெயர்த்து, 'மூலிகைத் தேநீர்' என்ற சொல்லையும் மொழிபெயர்ப்பாளர்கள் நிலைநிறுத்திவிட்டார்கள். தேயிலையே சேராத ஒன்றை எப்படித் தேநீர் என்று அழைப்பது?

'தே' என்பது சீனத்தின் ஃபூஜியன் கரையோரத்தில் வழங்கும் மின்னான் மொழிச்சொல். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து வணிகர்களின் கப்பல்கள் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் 'டீ' ஆயிற்று. 'சா' என்ற மற்றொரு சீன வடிவத்தைச் சீனக் கரையோர மக்காவு நகரில் இருந்த போர்த்துக்கீசியர் எடுத்துக்கொண்டார்கள். அதுவே தரைவழியே பாரசீகத்தில் 'சாய்' ஆகி, ரஷ்யா, துருக்கி, வட இந்தியா எனப் பரவியது. மலையாளத்துச் 'சாயா' இந்தக் கிளை. நம் தேயிலையும் ஈழத்துத் தேத்தண்ணியும் கடல்வழிக் கிளை. (தேன் கலந்த நீர் என எண்ணித் 'தேனீர்' என்று எழுதுவது பிழை.)

எந்தக் கிளையானாலும் அப்பெயருக்கு உரிய செடி ஒன்றே: கமேலியா சினென்சிஸ். பச்சைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை ஆகிய மூன்றும் அதன் கொழுந்திலிருந்தே வருகின்றன. பதப்படுத்தும் முறைதான் வேறு. ஆங்கிலத்தார் தம் சொல்லின் பொருளைத் தளர்த்திக்கொண்டார்கள் என்பதற்காக நாமும் தளர்த்த வேண்டியதில்லை, ஏனெனில் தமிழில் 'தேநீர்' என்ற கூட்டுச்சொல்லுக்குள்ளேயே செடியின் பெயர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் மூலிகைப் பானத்துக்குத் 'திசான்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். செம்பருத்தி இனப் பூவின் புல்லிதழ்ப் பானத்தை எகிப்தியர் 'கர்கதே' என்றே அழைக்கிறார்கள்.

குழப்பம் வெறும் இலக்கணக் குழப்பமன்று. ஃபூஜியனின் ஃபூசோ நகர் பெயர்பெற்ற மல்லிகைத் தேநீர், மல்லிகை மணமூட்டிய உண்மையான தேயிலையிலிருந்து வருவது. இஞ்சித் தேநீரிலும் பெரும்பாலும் தேயிலை உண்டு. செம்பருத்தித் தேநீரில் அது இல்லை. ஒரே அமைப்பில் நிற்கும் இப்பெயர்களைப் படித்து, காஃபீனைத் தவிர்க்க வேண்டிய ஒருவர் எதைக் குடிக்கலாம் என்று எவ்வாறு அறிவார்?

'சுக்குக் காப்பி' வழங்கவில்லையா என்று கேட்பார்கள். அது ஒரு பானத்துக்கு வீடுகளில் வேரூன்றிவிட்ட பெயர். அதைக் காட்டி 'மூலிகைக் காப்பி' என்றொரு வகைப்பெயரைப் படைக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் தகுந்த சொல் நம்மிடம் பழமையாகவே இருக்கிறது. மூலிகையைக் காய்ச்சி வடித்ததைச் சித்த மருத்துவம் 'குடிநீர்' என்கிறது. வெந்நீரில் ஊறவைத்து வடிப்பதை 'ஊறல் குடிநீர்' என்று பிரித்தே சொல்லலாம். குடிநீர் என்றால் குழாய்த் தண்ணீர் என்று மயங்குவார்களே என்ற மறுப்பு நிற்காது. டெங்கு பரவிய ஆண்டுகளில் நிலவேம்புக் குடிநீரையும் 2020இல் கபசுரக் குடிநீரையும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த மக்களில் யாரும் அப்படி மயங்கவில்லை.

ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, கோப்பையில் இருப்பது என்ன என்று கேளாமலே மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். செம்பருத்திக் குடிநீர், ஆவாரம்பூக் குடிநீர், சீமைச்சாமந்திக் குடிநீர் என்று அவர்கள் எழுதட்டும். தேநீரைத் தேயிலைக்கே விட்டுவிடட்டும்.