‘ஒத்ததிர்வுக் கிட்டார்’ வேண்டாம், கூம்புக் கிட்டார் போதும்

உள்ளே உலோகக் கூம்பு வைத்து ஒலியை உரக்க எழுப்பும் ரெசனேட்டர் கிட்டாரை ‘ஒத்ததிர்வுக் கிட்டார்’ என்று எழுதுவது படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறார்களே தவிர, கருவியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வேர்ச்சொல் எளிது. லத்தீனில் ‘ரெசொனாரே’ என்றால் மீண்டும் ஒலித்தல். இதை நம்பி ‘எதிரொலிக் கிட்டார்’ என்போரும் உண்டு. எதிரொலி என்பது ஒலி எதிலாவது பட்டுத் திரும்பி வருவது. இந்தக் கிட்டாரில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

சரி, ஒத்ததிர்வுக்கு வருவோம். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே வீச்சு ஏறிக்கொண்டே போகும். ஒரு பொருள் தன் இயல்பான அதிர்வெண்ணில் தூண்டப்படும்போது பெரிதாக அதிர்வதுதான் ஒத்ததிர்வு. ரெசனேட்டர் கிட்டார் இதையே நம்பியிருந்தால் ஒரு சுரம் அலறும், பக்கத்துச் சுரம் செத்துக் கிடக்கும். அதற்குள் இருப்பது மெல்லிய அலுமினியக் கூம்பு. தந்திகளின் அதிர்வு அவற்றைத் தாங்கும் பாலம் வழியாகக் கூம்புக்கு இறங்குகிறது. எடை குறைவு என்பதால் கூம்பு எளிதில் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஒலிபெருக்கியின் கூம்பு செய்யும் அதே வேலை, மின்சாரம் மட்டும் இல்லை. எந்தச் சுரம் வந்தாலும் வெளியே அனுப்ப வேண்டும் என்பதே அதன் கடமை. கூம்புக்கும் சொந்த அதிர்வெண்கள் உண்டுதான். அந்த மூக்கொலி கலந்த உலோகக் குரலில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் சாதாரண மரக் கிட்டாரின் பெட்டியும் அதற்குள் இருக்கும் காற்றும்கூட ஒத்ததிர்கின்றன. எல்லாக் கிட்டாருக்கும் பொதுவான ஒன்றை ஒரு வகைக்கு மட்டும் பெயராக வைத்தால் அது எதைப் பிரித்துக் காட்டும்?

தூய தமிழ் ஆர்வத்தில் யாழின் ‘பத்தர்’ என்ற சொல்லை மீட்டு ‘பத்தர்க் கிட்டார்’ எனலாமே என்று கேட்கலாம். அழகான சொல்தான், எனக்கும் ஆசைதான். ஆனால் பத்தர் என்பது ஒலிப்பெட்டி. அதுவும் எல்லாக் கிட்டாரிலும் இருக்கிறது. ‘உலோகக் கிட்டார்’ அதைவிட மோசம். மர உடல் கொண்ட ரெசனேட்டர்கள் ஏராளம்.

கூம்பு என்று சொல்லிப் பாருங்கள், எல்லாம் தானாக அமைகிறது. ஸ்லோவாக்கியாவில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜான் டோபியெரா 1920-களில் முதலில் அமைத்தது மூன்று கூம்புகளை T வடிவப் பாலத்தால் இணைத்த கருவி. நேஷனல் நிறுவனம் 1927-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது முக்கூம்புக் கிட்டார்; ஒலி இழைந்து நீளும். அடுத்தது ஒற்றைக் கூம்பு. அதன் உச்சியில் பிஸ்கட் என்று அழைக்கப்படும் சிறு மரவில்லை, அதன்மேல் தந்திகள். மீட்டியதும் வெடித்துக் கிளம்பிச் சட்டென்று அடங்கும். கூம்பு ஆற்றலை வேகமாகக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது, தந்தியில் மிஞ்சுவது குறைவு. ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸ் கையில் முழங்கியது இந்த வகைதான். அப்புறம் டோபியெரா சகோதரர்கள் தனியே தொடங்கிய டோப்ரோ நிறுவனத்தின் கிட்டார். அதில் கூம்பு கிண்ணம்போல் தலைகீழாக இருக்கும், சிலந்திக் கால்கள்போல் விரிந்த எட்டுக்கால் சட்டம் அதன் விளிம்பைத் தொடும். இனிமையும் நீளமும் கூடிய இந்த ஒலியை ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் கேட்கலாம். இதைக் ‘கவிழ்கூம்பு’ என்றால் போதும். ‘தலைகீழ் ஒத்ததிர்வி’ என்று எழுதினால் யாருக்காவது ஏதாவது தெரியுமா?

ரெசனேட்டர் கிட்டார் எல்லாவற்றையும் ‘டோப்ரோ’ என்று எழுதும் பழக்கமும் வேண்டாம். அது ஒரு வணிகப் பெயர், டோபியெரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம். கவிழ்கூம்புக் கருவியைக் குறிக்கும்போது பேச்சில் அது வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் முக்கூம்புக் கிட்டாரின் படத்துக்குக் கீழே டோப்ரோ என்று எழுதினால் அது பிழை.