திரும்பத் திரும்ப இரட்சிக்கப்பட நினைப்பவர்களுக்கு

கன்வென்ஷன் கூட்டத்தில் "இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று அழைக்கும்போதெல்லாம் கையை உயர்த்தும் விசுவாசிகள் என்னிடம் ஆலோசனைக்கு வருவதுண்டு. போன தடவை மனதாரத்தான் ஜெபித்தோமா என்ற சந்தேகம் அவர்களை விடாது. ஒரு தம்பி, பாவ அறிக்கையின் நடுவில் கவனம் சிதறினால் முதலிலிருந்து தொடங்குவார். சில இரவுகளில் விடிந்தே போகும். வீட்டிலோ பிள்ளைக்கு ஜெப ஆவி கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

இவர்களை அதிகம் வதைப்பது மத்தேயு 12. பரிசுத்த ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்கிற வசனம். நினைக்கக்கூடாத ஒரு வார்த்தை மனதில் வந்துவிட்டால் போதும், நரகம்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் பிசாசு பிடித்தவன் சுகமானதைக் கேட்டும், இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று துணிந்து சொன்ன பரிசேயரிடம் இயேசு பேசியது அது. வேண்டாமலே வந்து, வந்ததற்காக அழவைக்கும் எண்ணம் வேறு.

1650-களில் இங்கிலாந்தில், பின்னாளில் 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியன் இதே பாடு பட்டார். கிறிஸ்துவை விற்றுவிடு என்று மனதுக்குள் ஓயாத நச்சரிப்பு. களைத்துப்போய் ஒருநாள் 'சரி, போகட்டும்' என்று எண்ணிவிட்டார். அப்புறம், பிறப்புரிமையை விற்றுப்போட்ட ஏசாவைப்போல் தனக்கும் கதியில்லை என்று நெடுநாள் தவித்தார். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்ற யோவான் 6:37-ஐ ஒரு முனையில் சாத்தானும் மறுமுனையில் தானும் பிடித்து இழுத்ததாக எழுதியிருக்கிறார். வருகிறவன் எவ்வளவு உருகி வந்தான் என்று அந்த வசனம் கேட்கவில்லை. இரட்சிக்கப்பட்டோம் என்ற நிச்சயம் இல்லாததாலேயே இரட்சிப்பு இல்லை என்றும் ஆகாது; உண்மை விசுவாசியும் அதற்காக நெடுநாள் காத்திருக்க நேரலாம் என்று சீர்திருத்த சபைகள் ஏற்கும் 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே சொல்கிறது.

தினமும் மணிக்கணக்கில் இதே சந்தேகம், ஜெபித்ததும் கொஞ்ச நேர நிம்மதி, மறுபடி அதே பயம் என்றால் அது ஓசிடி (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் ஓயாமல் திரும்பும் மனநோய்) ஆக இருக்கலாம். சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. இதை அவிசுவாசம் என்று கண்டிப்பது கொடுமை.

பாஸ்டர்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். "நான் இரட்சிக்கப்பட்டேனா ஐயா?" என்று ஒருவர் தினமும் போன் செய்தால், தினமும் தேற்றாதீர்கள்; அந்தத் தேற்றமே நோய்க்குத் தீனி. ஒருமுறை அன்பாக, தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "எப்படியும் நரகம்தான், இருந்து என்ன பயன்" என்று சொல்லிவிட்டாரானால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.