ஒட்டடைக் கம்பு நிற்கும், பென்சில் விழும்

இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “என் மகள் ஏழு வருடமாக அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறாள். இப்போது ரக்பிக்குப் போகிறேன் என்கிறாள். இத்தனை வருடப் பயிற்சியும் வீண்தானா?”

வீணில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி உச்சம் தொட்டவர்கள் நிறைய பேர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மகளிர் ரக்பி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 24-17 என்று வென்றது. ஆஸ்திரேலிய அணியில் இருந்த குளோய் டால்டன் கூடைப்பந்து ஆடியவர். எதிரணியில் இருந்த போர்ஷியா உட்மன் நெட்பாலிலிருந்து வந்தவர். இருவருக்கும் பந்தைப் பிடிப்பது, ஆளைப் பார்த்து ஓடுவது எல்லாம் ஏற்கெனவே கைவந்தவை. அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பந்தும் கிடையாது, எதிராளியும் கிடையாது. பிறகு அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு போவது?

அந்த விளையாட்டை முதலில் பார்ப்போம். 12 மீட்டருக்கு 12 மீட்டர் தளம், இசை, இரண்டு முதல் நான்கு பேர். கீழே நின்று தாங்குபவர் பேஸ், மேலே நிற்பவர் டாப். பேஸின் உள்ளங்கைகளின் மேல் டாப் தலைகீழாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சமநிலையைக் காப்பது யார்? மேலே இருப்பவர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பகுதி வேலை பேஸுடையது. டாப்புக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அசையாமல் கம்பு மாதிரி விறைத்து நிற்பதைத்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பென்சிலை விரல் நுனியில் செங்குத்தாக நிறுத்துங்கள். முடியாது. அப்புறம் ஒட்டடைக் கம்பை, துடைப்பம் மேலே இருக்கும்படி, உள்ளங்கையில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடப் பழக்கத்தில் நின்றுவிடும். இப்படி அடிமுனையில் தாங்கப்பட்டு மேல்நோக்கி நிற்பதைத் தலைகீழ் ஊசல் என்பார்கள். அதன் சாய்வு எவ்வளவு வேகமாக வளரும் என்பதை நீளத்தின் வர்க்கமூலம் தீர்மானிக்கிறது. நீளம் நான்கு மடங்கானால் நமக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மடங்கு. பென்சிலுக்கு அந்த நேரம் சுமார் 0.1 விநாடி. இரண்டு மீட்டர் கம்புக்குச் சுமார் 0.4 விநாடி. கண்ணால் பார்த்துக் கையை நகர்த்த நமக்கு ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும். கண் கண்டு கை நகர்வதற்குள் பென்சில் சாய்ந்துவிடும், கம்பு காத்திருக்கும்.

இப்போது டாப்பை யோசியுங்கள். உடல் விறைப்பாக இருந்தால் அது ஒரே நீளக் கம்பு. இடுப்பிலும் தோளிலும் தளர்ந்துவிட்டால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு கம்புகள். ஒவ்வொன்றும் பென்சிலைப் போல வேகமாகச் சாயும், அதுவும் வெவ்வேறு பக்கம். எந்த பேஸாலும் சமாளிக்க முடியாது. டாப் தானாகவும் திருத்தப் பார்த்தால் இன்னும் மோசம். குறுகலான சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி மாட்டிக்கொள்வார்களே, அதேதான். ஒருவர் நின்றுவிட்டால்தான் மற்றவர் கடக்க முடியும். டாப் விறைத்து நிற்க, பேஸ் தன் உள்ளங்கையில் அழுத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதைத் தோலாலேயே உணர்ந்து, மேலே இருப்பவரின் புவியீர்ப்பு மையத்துக்கு அடியில் கையைக் கொண்டுபோய்விடுகிறார். தொடு உணர்வு பார்வையைவிட விரைவானது. எனக்கு இதில் எப்போதும் வியப்புத்தான்: நம்பிக்கை என்று நாம் சொல்வது இங்கே இயற்பியலின் நிபந்தனையாகவே இருக்கிறது.

சரி, ரக்பிக்கு வருவோம். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் போனால் லைன் அவுட். இரு அணியினரும் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் பந்து எறியப்படும். ஒருவர் குதிக்க, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் அவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். 100 கிலோவுக்கு மேற்பட்டவரைக்கூடத் தூக்குவார்கள். ஏனென்றால் முதல் உந்துதலைக் குதிப்பவரின் கால்களே தந்துவிடுகின்றன. தூக்குபவர்கள் அந்த வேகத்தைத் தொடர்ந்து, முழங்கையை நேராகப் பூட்டிக்கொள்கிறார்கள். குதிப்பவருக்குப் பயிற்சியாளர் சொல்வது என்ன தெரியுமா? வயிற்றையும் தொடையையும் இறுக்கு, கம்பாக நில். அதே பாடம்! செவன்ஸில் ஆட்டத்தைத் தொடங்கும் உதையைப் பிடிக்கவும் இப்படித் தூக்குவதுண்டு.

மேலிருந்து தரையிறங்குவதிலும் பழைய பயிற்சி கைகொடுக்கும். முழங்காலை மடக்கி நேரத்தை நீட்டினால் விசை குறையும் என்று பள்ளியிலேயே படித்தோம். ஜிம்னாஸ்ட் அதை ஆயிரக்கணக்கான தடவை செய்திருப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். “ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் பிள்ளை உயரமாக வளராது” என்று நம் பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள். குட்டையான உடல் காற்றில் சுலபமாகச் சுழலும். அதனால் அப்படிப்பட்டவர்கள் அதில் நிலைத்துவிடுகிறார்கள். காரணத்தையும் விளைவையும் நாம் மாற்றிப் படிக்கிறோம். 2013-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர் குழு, பயிற்சியால் இறுதி உயரம் குறைவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. நம் பிள்ளைகளைப் பத்து வருடம் தொடர்ந்து அளந்து பார்க்க ஓர் அளவு நாடாவும் பொறுமையும், கொஞ்சம் அரசுப் பணமும் போதும். பதக்கம் வந்த பிறகு கொட்டும் பரிசுத் தொகையில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் மகள் புதிதாகக் கற்க வேண்டியதும் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் தளத்தில் அவளுக்குக் கிடைத்த அழுத்தமெல்லாம் எதிர்பார்த்த திசையிலிருந்து வந்தவை. டேக்கிளில், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்ப்பதில், அப்படி வராது. அங்கே நிமிர்ந்து விறைத்து நிற்பதே ஆபத்து. இடுப்பைத் தாழ்த்தி, தலையைப் பத்திரமான பக்கம் வைத்து, தோளால் மோத வேண்டும். முதல் சில மாதங்கள் இதற்கே போகட்டும். அதற்கு முன் பயிற்சியாளரிடம் அவள் டாப்பா பேஸா என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். லைன் அவுட்டில் எங்கே நிறுத்துவது என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.