எஃப் கோர்ட்டில் தடுக்கும் அரை மில்லிமீற்றர்

கிற்றாரில் பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கப் பிடிக்கும் பிடிதான் கோர்ட். ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி கோர்ட்டுகளைச் சில வாரங்களில் பிடித்துவிடுகிற கை, எஃப் மேஜரில் வந்து நின்றுவிடும். சி சுருதியில் ஒரு பாட்டு வாசிக்க சி, எஃப், ஜி மூன்றும் வேண்டும் என்பதால் எஃப்பை ஒதுக்கிவிட்டும் போக முடியாது. திருகோணமலையில் தேவாலயப் பாடகர் குழுவுக்கோ பாடசாலை இசைக்குழுவுக்கோ கிற்றார் வாசிக்கப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே இதைச் சந்திக்கிறார்கள். "விரலில் பலம் காணாது, இன்னும் அழுத்திப் பழகு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. அது பாதி உண்மைகூட இல்லை. எஃப்பின் கடினத்தில் பெரும்பங்கு கிற்றாரின் கேத்திரகணிதத்தில் இருக்கிறது.

கழுத்தின் தலைப்பக்கத்தில், கம்பிகள் கிடக்க வெட்டுக்கள் போட்ட சிறு துண்டுக்குப் பெயர் நட். அங்கிருந்து, உடலின் மேலுள்ள பாலத்தில் கம்பிகளைத் தாங்கும் சாடில் என்ற துண்டு வரை கம்பியின் நீளம் பொதுவாக 648 மில்லிமீற்றர். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்தான் ஃபிரெட்டுகள். முதலாம் ஃபிரெட் நட்டிலிருந்து வெறும் 36 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, ஐந்தாம் ஃபிரெட் 162 மி.மீ. தூரத்தில். கொடிக்கயிற்றை நடுவில் அழுத்தினால் இலகுவாக இறங்கும், கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் அழுத்தினால் இறங்காது. கம்பிக்கும் அதே விதிதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்டீல் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிற்றாரில், 12 முதல் 53 வரையான லைட் செட் (மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிப்பு, தடித்தது 0.053) என்றால், ஆறு கம்பிகளின் இழுவிசை சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ. ஒரு கம்பிக்கு 11 கிலோ என்று வைப்போம். நட் வெட்டு உயரமாக இருந்து, கம்பி முதலாம் ஃபிரெட்டைத் தொட 1 மி.மீ. இறங்க வேண்டியிருந்தால், அதற்கு மட்டும் 300 கிராமுக்கு மேல் அழுத்தம் வேண்டும். ஐந்தாம் ஃபிரெட்டில் கம்பி 1.4 மி.மீ. இறங்க வேண்டியிருந்தாலும் 130 கிராம் போதும். நட் வெட்டைச் சரியாக்கி முதலாம் ஃபிரெட்டில் அந்த 1 மி.மீ.யை அரை மி.மீ. ஆக்கினால் அழுத்தமும் பாதியாகிறது. எந்த விரல் பயிற்சியும் ஒரே நாளில் இவ்வளவு தராது.

உங்கள் கிற்றாரின் நட் எப்படி என்று அறிய ஒரு சோதனை போதும். கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதலாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். சாதாரண எழுதும் தாள் ஒன்று மட்டுமட்டாக நுழையும் அளவு, அதாவது சுமார் 0.1 மி.மீ., இருந்தால் நல்லது. தடித்த அட்டை தாராளமாக நுழைந்தால் நட் உயரம். எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ இருந்தால் இன்னும் சுலபம்: அதை முதலாம் ஃபிரெட்டில் மாட்டி, எஃப் வடிவத்தை இரண்டாம் ஃபிரெட்டில் பிடியுங்கள். சட்டென்று இலகுவானால் குற்றம் உங்கள் கையில் இல்லை.

மலிவான கிற்றார்களில் நட் பெரும்பாலும் உயரமாகவே வருகிறது. வெட்டைக் கொஞ்சம் கூடுதலாக ஆழமாக்கிவிட்டால் அழுத்தாத கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும், நட்டையே மாற்ற வேண்டிவரும். அதனால் தொழிற்சாலை உயரமாக விட்டுவிடுகிறது. வெட்டை ஆழமாக்க ஒவ்வொரு கம்பித் தடிப்புக்கும் ஏற்ற அரம் வேண்டும். ஆகவே வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தையும் அப்போதே பார்க்கச் சொல்லலாம்: தடித்த ஈ கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய ஈ கம்பிக்கு 2 மி.மீ.க்குள் இருந்தால் போதும். அங்கே 1 மி.மீ. குறைக்க சாடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

திருகோணமலையில் இந்த அளவுகள் பருவத்தோடு நகரும். கிற்றார் மரத்துக்கு உகந்த ஈரப்பதன் 45 முதல் 55 வீதம். வாடை வீசும் மாரியில் இங்குள்ள காற்று அதைவிட மிகவும் ஈரமானது. மரம் ஈரத்தை உறிஞ்சி, முகப்புப் பலகை மெல்ல உப்பி, பாலத்தை உயர்த்திவிடும். கம்பியும் கூடவே உயரும். கச்சான் காற்றில் மரம் காய்ந்து, பலகை தாழ்ந்து, கம்பி உரச ஆரம்பிக்கும். ஒட்டுப்பலகையாலான கிற்றாரில் இந்த மாற்றம் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. மாரியில் திடீரென்று எஃப் கடினமானதாகத் தோன்றினால், கையைச் சந்தேகிக்கும் முன் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். வாசிக்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்கவே கூடாது. வெக்கை பாலத்தின் பசையை இளக்கிவிடும்.

கடல் உப்பும் இதில் சேர்கிறது. டச்பேயிலோ உப்புவெளியிலோ மாலை நேரம் வாசித்துவிட்டு அப்படியே உறைக்குள் போட்டால், சுற்றுக்கம்பி இல்லாத வெறும் ஸ்டீலான முதலாம், இரண்டாம் கம்பிகள் முதலில் துருப்பிடிக்கும் (மிக மெல்லியது முதலாம் கம்பி, மிகத் தடித்தது ஆறாம் கம்பி). எஃப்பில் சுட்டுவிரல் படுத்து அழுத்தும் கம்பிகளில் இந்த இரண்டும் அடங்கும். துருவின் சொரசொரப்பு தோலை அரிக்கும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியை மேலும் கீழும் துடையுங்கள்.

இனி விரல்களுக்கு வருவோம். முழு எஃப்பில் சுட்டுவிரல் முதலாம் ஃபிரெட்டில் ஆறு கம்பிகளின் மேலும் கிடக்கும். நடுவிரல் மூன்றாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட், மோதிரவிரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட், சுண்டுவிரல் நான்காம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட். கவனியுங்கள்: மூன்றாம், நான்காம், ஐந்தாம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. சுட்டுவிரல் உண்மையில் அழுத்த வேண்டியது ஆறாம், இரண்டாம், முதலாம் கம்பிகளை மட்டும். விரல் முழுவதையும் சம பலத்தோடு அழுத்த முயல்வது வீண் களைப்பு. விரலைச் சற்றுப் பெருவிரல் பக்கமாகச் சரித்து, சதை குறைந்த எலும்பு விளிம்பை ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். ஃபிரெட்டை விட்டு விலக விலக, உங்கள் அழுத்தத்தில் ஃபிரெட்டுக்குப் போய்ச் சேரும் பங்கு குறைந்து கம்பி அதிரும்.

பிடித்ததும் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் ஏதோ ஒரு விரல் பாதி தொட்டுக்கொண்டிருக்கிறது; இரைச்சல் வந்தால் அழுத்தம் போதாது, அல்லது ஃபிரெட்டிலிருந்து தூரம். இரண்டாம் கம்பி செத்தால், அது விரல் மூட்டின் மடிப்புக்குள் விழுந்திருக்கும். சுட்டுவிரலை நீளவாக்கில் 2 அல்லது 3 மி.மீ. மேலேயோ கீழேயோ நகர்த்தினால் சரியாகும். பலத்தால் தீராத இந்தக் கோளாறுதான் தொடக்கக்காரரை அதிகம் அலைக்கிறது.

எங்கே வலிக்கிறது என்பதும் ஒரு செய்தி. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. பெருவிரலின் அடிச்சதை எரிந்தால் நீங்கள் இடுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். பெருவிரலை எடுத்துவிட்டு, சுட்டுவிரலைக் கம்பிகளின் மேல் படுக்கவைத்து எஃப்பைப் பிடித்துப் பாருங்கள்: இடது முழங்கையைத் தொங்கவிட்டு, கையின் பாரத்தால் கழுத்தைப் பின்னுக்கு இழுங்கள், வலது முன்னங்கை கிற்றாரின் உடலை நெஞ்சோடு அணைத்தால் கழுத்து முன்னுக்கு வந்து எதிர் நிற்கும். சத்தம் ஓரளவு வரும். பிறகு பெருவிரலை நடுவிரலுக்கு நேர் பின்னே இலேசாக வைத்தால் போதும். மணிக்கட்டில் குத்தும் வலியோ விரலில் விறைப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். கடலில் குளித்துவிட்டு வந்த கையோடும் வாசிக்காதீர்கள். ஊறிய தோல் சீக்கிரம் வெட்டுப்படும்.

முதலாம் ஃபிரெட்டில் தொடங்காமல் ஐந்தாம் ஃபிரெட்டில் தொடங்குங்கள். அங்கே இதே வடிவம் ஏ மேஜர். தெளிவாகக் கேட்டதும் நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்குங்கள். கீழே போகப்போக ஃபிரெட்டுகள் அகலும், விரலும் பழகிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்திலும் பிடித்து, மீட்டி, கையை முழுவதும் தளர்த்தி, மறுபடி பிடியுங்கள். தொடர்ந்து அரை மணி நேரம் வதைப்பதைவிட, ஐந்து நிமிடம் வீதம் நாளில் நான்கு தடவை செய்வது கைக்கு நல்லது. கம்பி இன்னும் கனமாக இருந்தால் எல்லாக் கம்பிகளையும் இரண்டு ஃபிரெட் அளவு சுருதி இறக்கி, இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ மாட்டுங்கள். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறுவதால் அது ஏறத்தாழ 20 வீதம் குறையும். பாட்டின் சுருதியோ மாறாது.

பாட்டில் இன்றைக்கே எஃப் வேண்டுமென்றால் சின்ன எஃப் இருக்கிறது: நான்காம் கம்பியில் மூன்று, மூன்றாம் கம்பியில் இரண்டு, கடைசி இரண்டு கம்பிகளிலும் ஒன்று. சியிலிருந்து இதற்குப் போகையில் சுட்டுவிரலைத் தூக்கவே வேண்டாம். இரண்டாம் கம்பியில் நிற்கும் நுனியை அப்படியே சரித்துப் படுக்கவிட்டால் முதலாம் கம்பியும் அடங்கும். மற்ற இரண்டு விரல்களும் ஒரு கம்பி தரைப் பக்கமாக இறங்கினால் சரி. இதைக் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம், நல்ல வாசிப்பாளர்களும் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்து வருவது பி மைனர். அதில் சுட்டுவிரலுக்கு ஐந்தாம், முதலாம் கம்பிகள்தான் பொறுப்பு என்பதால் நடுவே சற்று வளைந்தாலும் குற்றமில்லை. பி ஃபிளாட் மேஜர் இன்னும் கடினம், ஏனென்றால் மோதிரவிரல் மூன்றாம் ஃபிரெட்டில் மூன்று கம்பிகளை ஒன்றாகப் படுத்து அழுத்த வேண்டும். அப்படிப் படுக்கும்போது முதலாம் கம்பியையும் அது மூடிவிடும். மூடட்டும். அந்தக் கம்பி தரவேண்டிய எஃப் சுரம் நான்காம் கம்பியில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது.