"நான் இருங்கன்னு சொல்லவே இல்லையே சார்"

வக்கீலா இந்த வருஷம் இதே மாதிரி இது எனக்கு நாலாவது கேஸ், அதான் எழுதிடறேன். போன வாரம் பெங்களூரு மேயோ ஹால் கோர்ட் வராந்தாவுல அல்சூர்லேர்ந்து வந்த வீட்டுக்கார அம்மா ஒருத்தங்க கண்ணு கலங்கி இப்படித்தான் சொன்னாங்க. வாடகைக்கு இருக்கறவருக்கு காலி பண்ணச் சொல்லி முறையா நோட்டீஸ் அனுப்பியாச்சு, கெடு முடிஞ்சும் அவர் போகல, ஆனா மாசாமாசம் ஜிபேல பணம் வந்துட்டே இருக்கு, இவங்களும் வாடகை ரசீது போட்டுக் குடுத்துட்டே இருக்காங்க, நடுவுல பாத்ரூம் டைல்ஸ் மாத்திக்கட்டுமான்னு அவர் வாட்ஸப்ல கேட்டதுக்கு ஒரு கட்டைவிரல் எமோஜி வேற போட்டிருக்காங்க.

"வாயத் திறந்து சரின்னு சொல்லல, கையெழுத்தும் போடல" – தயவுசெஞ்சு இந்த நினைப்ப விடுங்க. ஒப்பந்தச் சட்டம் 1872லயே, 9வது பிரிவுல, வார்த்தை இல்லாமலும் சம்மதம் உண்டுன்னு இருக்கு. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 113வது பிரிவப் பாருங்க, நோட்டீஸ் முடிஞ்சப்புறம் வந்த வாடகைய வாங்கினா நோட்டீஸே போச்சுன்னு உதாரணமே போட்டிருக்கு! மௌனம் சம்மதம்னு நாம பேச்சுக்கு சொல்றோமே, சட்டத்துல வெறும் மௌனம் பெரும்பாலும் சம்மதம் ஆகாது, நீங்க நடந்துக்கற விதம்தான் ஆகும். அதே சமயம், வெறுமனே பணம் வாங்கினதாலேயே இருக்க ஒத்துக்கிட்டதா ஆகாதுன்னு 2005ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அத வச்சுத்தான் நாங்க வாதாடுவோம். ஆனா ரசீதும் டைல்ஸுக்கு ஓகேவும் சேர்ந்து எதிர்ல நின்னா வருஷக்கணக்குல இழுக்கும்.

கட்டைவிரல் சின்ன விஷயம் இல்லீங்க. கனடாவுல சஸ்காச்சுவான் மாகாணத்துல ஆளி விதை விக்கற ஒப்பந்தத்தோட போட்டோவுக்கு ஒரு விவசாயி அதப் போட்டாரு, அது கையெழுத்துக்கு சமம்னு 2023ல தீர்ப்பாச்சு, 82,000 டாலருக்கு மேல கட்டச் சொன்னாங்க. அந்தத் தீர்ப்பு நம்ம கோர்ட்ட கட்டுப்படுத்தாது, ஆனா எதிர் வக்கீல் கண்டிப்பா எடுத்துக் காட்டுவாரு.

நோட்டீஸ் கெடு முடிஞ்சு பணம் வந்தா அன்னைக்கே எழுதிடுங்க: "இத வாடகையா வாங்கல, கெடுவுக்கப்புறம் இருந்ததுக்கான ஈடா மட்டும், என் உரிமைய விட்டுக்குடுக்காம வாங்கறேன்". வாடகை ரசீது வேணாம், வாடகை ஏத்தற பேச்சும் வேணாம். ரிப்பேர், பெயிண்ட், ஏசி எதுக்கும் ஓகே போடாதீங்க, முடியாதுன்னு ஒரு வரி அடிங்க. பெரியவங்க இருக்கற வீடுன்னா பசங்க வாரம் ஒருதரம் அவங்க வாட்ஸப்ப எடுத்துப் பாருங்கப்பா, கோர்ட்டுக்கு அவங்கள அலைய விடாதீங்க.