ஹிபாகுஷா: சொல் விளக்கம்

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் வீசப்பட்ட அணுகுண்டுகளின் தாக்கத்துக்கு உள்ளாகி, அந்த நாட்களைக் கடந்தும் வாழ்ந்தவர்களை ஜப்பானியர் ஹிபாகுஷா என்பர். 'ஹி' ஒன்றுக்கு ஆளாவதையும், 'பாகு' வெடிப்பையும், 'ஷா' மனிதரையும் குறிக்கும். இதே ஒலிப்பில் இன்னொரு சொல்லும் உண்டு. பல உறுப்புகள் சேர்ந்து அமையும் ஜப்பானியச் சொல்லெழுத்துகளில், 'பாகு' என்னும் நடு எழுத்தின் பக்க உறுப்பு நெருப்பைக் குறிப்பதிலிருந்து கதிரவனைக் குறிப்பதாக மாற, கதிர்வீச்சுக்கு ஆளானவர் என்று பொருள் விரியும். அணு உலை விபத்துகளில் பாதிக்கப்பட்டோரை இவ்வாறே எழுதுவர்.

முதல் சொல்லுக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. 1957-இல் வந்த மருத்துவ உதவிச் சட்டமும், அதன் தொடர்ச்சியான 1994-ஆம் ஆண்டுச் சட்டமும், குண்டு விழுந்தபோது குறிப்பிட்ட பகுதிக்குள் இருந்தவரோடு, அடுத்த இரண்டு வாரங்களுக்குள் உறவினரைத் தேடியோ மீட்புப் பணிக்காகவோ வெடிமையத்தை அடுத்து ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குள் நுழைந்தவரையும், காயம்பட்டோரைப் பேணியும் சடலங்களை அகற்றியும் கதிர்வீச்சுக்கு உட்பட்டவரையும், இவர்களின் வயிற்றில் அப்போது கருவாக இருந்தவரையும் ஹிபாகுஷா என ஏற்கின்றன. குண்டு வெடித்தபின் கதிரியக்கத் துகள்களோடு கறுப்பாகப் பெய்த 'கரு மழை'யில் நனைந்தவர்கள் சிலருக்கோ இந்த ஏற்பு, 2021-இல் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே கிடைத்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் அவர்களைக் காக்க வைத்தது பெரும் அநீதி.

இச்சொல்லின் ஆழம் புரிய, அம்மக்களைப் பற்றிய நெடுங்கால ஆய்வையும் அறிய வேண்டும். 1947-இல் அமெரிக்கா ஓர் ஆய்வுக் குழுவை அங்கு நிறுவியது; அது 1975-இல் இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனமாக மாறியது. 1950-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, குண்டுக்கு ஆளான சுமார் 94,000 பேரும், அப்போது நகரில் இல்லாத சுமார் 27,000 பேரும் 'வாழ்நாள் ஆய்வில்' சேர்க்கப்பட்டனர். ஒருவர் அந்நேரம் எங்கே நின்றார், எந்தச் சுவர் அவரை மறைத்தது என்பது வரை கேட்டறிந்து, அவர் உடல் ஏற்ற கதிர்வீச்சின் அளவைக் கணித்தனர். இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே பெருகியது. நுரையீரல், மார்பகம், இரைப்பை போன்ற உறுப்புகளின் புற்றுநோய்களோ பத்தாண்டுகள் அளவில் தலைகாட்டத் தொடங்கின, அந்தக் கூடுதல் இடர் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. கருவில் 8 முதல் 15 வாரங்களுக்குள் மிகுந்த கதிர்வீச்சை ஏற்ற குழந்தைகளிடையே மூளை வளர்ச்சிக் குறைபாடு அதிகம் காணப்பட்டது. குண்டுவீச்சுக்குப் பின் கருவுற்றுப் பிறந்த பிள்ளைகளிடம் மரபுவழிப் பாதிப்பு கூடியதற்கு இதுவரை தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் திருமணப் பேச்சுகளில் இக்குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன. தொடக்ககால ஆய்வாளர்கள் எங்களைச் சோதித்தார்கள், சிகிச்சை தரவில்லை என்று அம்மக்கள் மனம் வெதும்பினர். அந்தக் குறை நியாயமானது. உலகெங்கும் எக்ஸ்ரே அறைகளில் பணிபுரிவோரைக் காக்கும் இன்றைய வரம்புகள், பெருமளவுக்கு இவர்களின் உடல்கள் தந்த தரவுகளைச் சார்ந்தவை.

தமிழ் இதழ்களில் 'அணுகுண்டு வீச்சில் உயிர் பிழைத்தோர்' என்ற தொடர் வழங்குகிறது. பிழைத்தல் என்றதும் துன்பம் அத்துடன் முடிந்துவிட்டது என்ற எண்ணம் எழும். பல நாள் கழித்து நகருக்குள் நுழைந்தவரை அத்தொடர் தழுவவும் செய்யாது. 'பாதிக்கப்பட்டோர்' என்பது இறந்தோரையும் சேர்த்துக்கொள்ளும். நோய்க்கு ஆளானான், பழிக்கு ஆளானாள் என்று நாம் இயல்பாகச் சொல்வதால், 'அணுகுண்டுக்கு ஆளானோர்' என்பதே மூலச் சொல்லின் முதல் உறுப்புக்கும் பொருந்தி, சட்டத்தின் எல்லா வகையினரையும் அணைத்துக்கொள்கிறது. கதிரவன் உறுப்புடைய மற்றொரு சொல்லைக் 'கதிர்வீச்சுக்கு ஆளானோர்' எனலாம். 2017-இல் ஐ.நா. மாநாட்டில் ஏற்கப்பட்ட அணு ஆயுதத் தடை உடன்படிக்கையின் முகவுரை ஜப்பானியச் சொல்லையே எடுத்தாள்வதால், முதல் முறை ஹிபாகுஷா என எழுதி அடைப்புக்குறிக்குள் தமிழ்த் தொடரைத் தந்து, பின்னர் தமிழையே ஆள்வது தகும்.