ஸ்லாட் மெஷின்: சூதுப்பொறி

கேசினோக்களில் காசு போட்டு ஆடும் சூதாட்டப் பெட்டிதான் ஸ்லாட் மெஷின். ஸ்லாட் என்றால் காசு நுழையும் அளவுக்கான ஒடுங்கிய துளை. காசு போட்டால் மிட்டாய் தள்ளும் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் முதலில் இதே பெயர்தான். 1890களில் சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே படங்கள் உள்ள மூன்று சுழலும் உருளைகள் வைத்து ‘லிபர்ட்டி பெல்’ செய்தார். மூன்று மணிப் படங்கள் வரிசையில் நின்றால் 50 சென்ட் பரிசு. அதன்பிறகு பெயர் சூதாட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. பழப் படங்கள் இருந்ததால் பிரிட்டனில் பழ மெஷின். சிங்கப்பூரில் ஜாக்பாட் மெஷின்.

இன்றைய மெஷினில் பட்டனை அழுத்திய நொடியிலேயே கணினி ஓர் எண்ணை எடுத்து முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. அப்புறம் சுழலும் உருளை அந்த முடிவைக் காட்ட மட்டுமே. டெல்னஸ் (Inge Telnaes) என்பவர் 1984இல் பெற்ற காப்புரிமை இதற்கு வழி திறந்தது. உருளையில் 22 இடங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும், கணினிக்குள் இருக்கும் உருளையில் அதைவிடப் பல மடங்கு இடங்கள் வைக்கலாம். ஜாக்பாட் படத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய எண்களை ஒதுக்கினால், அந்தப் படம் அடிக்கடி பரிசுக் கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ வந்து நிற்கும். ‘அடடா, கொஞ்சத்தில் போச்சே’ என்று கை மறுபடி பட்டனுக்குப் போகும்.

இன்னொன்று, பரிசுக் கோடுகள் பல உள்ள மெஷினில் 20 கோடுகளுக்கு 20 சென்ட் கட்டுகிறீர்கள். ஒரு கோட்டில் 8 சென்ட் விழுகிறது. விளக்கு மின்னுகிறது, இசை வருகிறது. போனது 12 சென்ட்.

‘இந்த மெஷினில் 90 விழுக்காடு திரும்பும்’ என்று சொல்வதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது கொண்டுபோன பணத்துக்கான கணக்கு இல்லை; நீண்ட கால சராசரியில் ஒவ்வொரு பந்தயத்திலும் பத்தில் ஒரு பங்கு போகும் என்று பொருள். ஆறு நொடிக்கு ஒரு தடவை ஒரு டாலர் கட்டினால் மணிக்கு 600 பந்தயம். சராசரி இழப்பு 60 டாலர். கையில் 100 டாலர்தான் இருந்தாலும் ஜெயித்ததையே திரும்பத் திரும்பக் கட்டுவதால் இந்தக் கணக்கு நடக்கும்.

சரி, தமிழில்? ‘துளை இயந்திரம்’ எதையும் சொல்லவில்லை. ‘சூதாட்ட இயந்திரம்’ பிழையில்லை. எனக்குச் சூதுப்பொறி என்பதே பொருத்தம். பொறி என்றால் இயந்திரம், எலிப்பொறியில் கண்ணி, பழந்தமிழில் ஊழ், அதாவது விதி. மூன்று பொருளும் இங்கே உண்மை. ‘ஸ்லாட் விளையாடினேன்’ என்பதில் விளையாட்டு மட்டும்தான் காதில் விழுகிறது; ‘சூதுப்பொறியில் காசு போட்டேன்’ என்றால் நடந்தது தெரிகிறது.

கேசினோவுக்குக் குறளின் சூது அதிகாரத்திலேயே சொல் உண்டு: கழகம். இன்று அது சங்கம், கட்சி என்ற பொருளில் நிலைத்துவிட்டதால், சூதாட்டக்கூடம் என்று எழுதலாம்.